இண்டியானா ஜோன்ஸ் எந்தத் தரையில் நிற்கிறார்?

‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த லாஸ்ட் குருசேட்’ 1989 மே மாதம் திரைக்கு வந்தது. ஓடும் நேரம் 127 நிமிடம். நொடிக்கு 24 படம் என்று பெருக்கினால் 1,82,880 படங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால், ஏப்ரலில், நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. அதன் திரையில் குறுக்கே 160 பிக்சல், நெடுக்கே 144, மொத்தம் 23,040. ஒரு பிக்சலுக்கு நான்கே சாயல்கள், அதாவது இரண்டு பிட். ஆக ஒரு முழுத்திரைப் படத்தை அப்படியே சேமிக்க 5,760 பைட் வேண்டும்.

இந்தக் கருவிக்கு வந்த விளையாட்டுகள் பலவற்றின் கார்ட்ரிட்ஜில் இருந்த இடம் 128 கிலோபைட். வகுத்துப் பாருங்கள்: 22 படங்கள் கொள்ளும். ஒரு நொடி சினிமாவுக்குக்கூடப் போதாது. இண்டியாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு தலையில் கைவைத்துத் தொப்பியைச் சரிசெய்து முடிப்பதற்குள் கார்ட்ரிட்ஜ் நிரம்பிவிடும். இசைக்கும் எதிரிகளுக்கும் நிரலுக்கும் இடமே இருக்காது.

எனவே சினிமாவைச் சுருக்கி கேம் பாய்க்குள் அடைத்தார்கள் என்று சொல்வது தவறு. சினிமாவின் பெயரைப் போட்டுக்கொண்டு முற்றிலும் வேறு வகைப் பொருள் ஒன்றைச் செய்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

இந்தப் படத்திலிருந்து 1989-லேயே இரண்டு விளையாட்டுகள் பிறந்தன. லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் செய்த ஒன்றில் பேச்சும் புதிரும்தான் பிரதானம். காவலர்களிடம் எந்தப் பதிலைச் சொல்லித் தப்புவது என்று யோசிக்க வேண்டும். இன்னொன்று, பிரிட்டனின் டியர்டெக்ஸ் குழு யு.எஸ். கோல்டு நிறுவனத்துக்காகச் செய்தது. இதில் பேச்சுக்கு இடமில்லை. பக்கவாட்டில் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், சாட்டையைச் சொடுக்க வேண்டும். பிளாட்ஃபார்ம் கேம் என்று சொல்லும் ரகம். சிறுவன் இண்டி கொரோனாடோ சிலுவையை எடுக்கப் போகும் யூட்டா குகை, சர்க்கஸ் ரயிலின் கூரை, வெனிஸ் நகரத்து நிலவறை, பிரன்வால்ட் கோட்டை, ஜெப்பலின் வான்கப்பல், கடைசியில் இண்டி தேடும் புனிதக் கோப்பை இருக்கும் கோயில். வீட்டுக் கணினிகளுக்காக எழுதப்பட்ட இந்த இரண்டாவது விளையாட்டுதான் பிறகு தொண்ணூறுகளின் முதல் பாதியில் கேம் பாய்க்கும், அதன் போட்டியாளரான சேகாவின் கேம் கியருக்கும் போனது. ஷான் கானரி நடித்த அப்பா பாத்திரமும், அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே நடக்கும் சண்டையும் சமாதானமும், அதாவது படத்தின் உயிர் என்று நான் நினைப்பது எல்லாம், வழியிலேயே உதிர்ந்துவிட்டன. பெயரை விற்றுக் காசு பார்க்கிறார்கள் என்று இத்தகைய விளையாட்டுகளைத் திட்டியவர்கள் உண்டு. அந்தத் திட்டில் பாதி நியாயம் இருக்கிறது.

மீதிப் பாதியைப் பார்க்கக் கருவியைத் திறக்க வேண்டும்.

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், நன்றாகப் பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தை வேறு விதமாகப் பயன்படுத்துவது அவருடைய கொள்கை. வண்ணம் வேண்டாம், திரைக்குப் பின்னால் விளக்கு வேண்டாம், வேகமான செயலி வேண்டாம் என்று முடிவு செய்தார். பலன், நான்கு சிறு பேட்டரிகளில் கருவி பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 1990-ல் வந்த கேம் கியருக்கு வண்ணமும் விளக்கும் இருந்தன. ஆறு பேட்டரி போட்டும் சில மணி நேரத்தில் அணைந்துவிடும். யார் ஜெயித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் மெதுவான செயலிக்கு ஒரு விலை உண்டு. கேம் பாயின் கடிகாரம் நொடிக்கு 41,94,304 முறை துடிக்கிறது. நான்கு துடிப்பு சேர்ந்தால்தான் செயலியின் ஒரு சுற்று. ஆகவே நொடிக்குச் சுமார் பத்தரை லட்சம் சுற்றுகள். திரையோ நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு புதுப்பிப்புக்குக் கிடைப்பது 17,556 சுற்றுகள். திரையில் 5,760 பைட் இருக்கிறது என்றோமே, ஒரு பைட்டுக்கு மூன்று சுற்றுதான் தேறும். நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை எடுக்க இரண்டு, இன்னோரிடத்தில் வைக்க இரண்டு என்று குறைந்தது நான்கு சுற்று வேண்டும். வேறு எந்த வேலையும் செய்யாமல் படத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டிருந்தாலும் இந்தச் செயலியால் ஈடுகொடுக்க முடியாது. போதாக்குறைக்கு, திரைக்கு வரி வரியாகப் படம் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் பட நினைவகத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். செயலி உள்ளே நுழைய முடியாது. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கிடைக்கும் 1,140 சுற்றுகள்தான் தாராளமாகக் கைவைக்கக்கூடிய நேரம்.

இந்தச் சிக்கலுக்கான விடை கேம் பாய்க்கு முன்பே தெரிந்த ஒன்று. பழைய அச்சகத்தில் பக்கம் முழுவதையும் யாரும் செதுக்குவதில்லை. ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அச்சுக்கோர்ப்பவர் எடுத்து அடுக்குவார். கேம் பாயும் அப்படியே திரையை 8-க்கு 8 பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாக அடுக்குகிறது. அந்தச் சதுரத்துக்கு டைல் என்று பெயர். ஒரு டைலின் படத்துக்கு 16 பைட். குறுக்கே 20, நெடுக்கே 18 என்று திரையில் 360 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த டைல் என்று சொல்ல ஓர் எண், ஒரே பைட், போதும். 5,760 பைட் வேலை 360 பைட்டாகக் குறைந்துவிட்டது. ஈய எழுத்துக்கு இல்லாத வசதி ஒன்றும் உண்டு: ஒரே பாறை டைலை ஒரே சமயத்தில் நூறு கட்டங்களில் வைக்கலாம்.

வைத்தும் ஆக வேண்டும். ஒரு பைட்டில் அடங்கும் எண்கள் 256. கட்டங்களோ 360. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் படம் கொடுக்க நினைத்தாலும் சாதாரண வழியில் முடியாது. இந்த விளையாட்டுகளின் குகைச் சுவர்கள் அலுப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருப்பதற்கு ஓவியரின் சோம்பல் காரணமில்லை, கணக்கு அப்படி.

சரி, ரயில் கூரைமேல் இண்டி ஓடும்போது காட்சி நகர வேண்டாமா? அதற்கும் ஒரு சிக்கனமான ஏற்பாடு இருக்கிறது. நினைவகத்தில் உள்ள டைல் வரைபடம் திரையைவிடப் பெரியது, 32-க்கு 32. அதன்மேல் திரை ஒரு சன்னல்போல் நகர்கிறது. சன்னல் எங்கே இருக்கிறது என்பதை இரண்டே பைட் தீர்மானிக்கின்றன. ஒன்றைக் கூட்டினால் உலகம் முழுவதும் ஒரு பிக்சல் இடப்பக்கம் போகிறது. வலது ஓரத்தைத் தாண்டினால் வரைபடம் இடது ஓரத்திலிருந்து மறுபடி தொடங்கும். 32 நெடுவரிசைகளில் 20 கண்ணுக்குத் தெரியும், மற்றவை மறைவில். இண்டி எட்டு பிக்சல் முன்னேறும்போதெல்லாம் மறைவில் இருக்கும் ஒரு நெடுவரிசையை அழித்து அதில் வரப்போகும் பெட்டியின் 18 டைல் எண்களை எழுதிவிடுகிறார்கள். ரயில் எத்தனை நீளம் வேண்டுமானாலும் இருக்கட்டும். எந்த நேரத்திலும் நினைவகத்தில் இருப்பது ஒன்றரைத் திரை அளவு ரயில்தான். அவர் கடந்துவந்த பெட்டி பின்னால் அழிக்கப்பட்டு முன்னால் வேறு பெட்டியாக வந்து நிற்கிறது.

இண்டி மட்டும் டைல் கட்டங்களுக்குள் அடங்கமாட்டார். எந்தப் பிக்சலிலும் நிற்க வேண்டியவர். நகரும் உருவங்களுக்கு ஸ்பிரைட் என்று தனி ஏற்பாடு. மொத்தம் 40 ஸ்பிரைட். ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்: மேலிருந்து எவ்வளவு தூரம், பக்கவாட்டில் எவ்வளவு, எந்தப் படம், சில குறிப்புகள். குறிப்புகளில் ஒரு பிட் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிக் காட்டும். வலப்பக்கம் நடக்கும் படங்களை வரைந்தால் போதும், இடப்பக்க நடை இலவசம். ஆகவே பிளாட்ஃபார்ம் நாயகர்கள் வலப்புறம் போகும்போது வலக்கைக்காரர்கள், திரும்பினால் இடக்கைக்காரர்கள். யாரும் கவனிப்பதில்லை.

சாட்டைதான் தொல்லை. ஒரு ஸ்பிரைட்டின் அகலம் 8 பிக்சல். திரையின் ஒரு கிடைவரியில் பத்து ஸ்பிரைட்டுக்கு மேல் வந்தால் மிச்சத்தைக் கருவி வரையாமல் விட்டுவிடும். ஆளுக்கு இரண்டு, நீட்டிய சாட்டைக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இண்டியே ஐந்தை எடுத்துக்கொண்டார். எதிரே இரண்டு அடியாட்கள் வந்தால் ஒன்பது. மூன்றாவது ஆள் பாதி உடம்போடுதான் வருவான். மேலும் அந்தக் காலத்துத் திரவப் படிகத் திரை மெதுவாகத்தான் நிறம் மாறும். நொடியின் ஒரு பங்கில் நீண்டு சுருங்கும் மெல்லிய கோடு அதில் புகைபோல் இழுபடும். சாட்டை இல்லாமல் இண்டியானா ஜோன்ஸும் இல்லை என்பதால் அதை விடவும் முடியாது.

இனி குதிப்பு. பிளாட்ஃபார்ம் கேமின் நெஞ்சு இதுதான். கணக்குக்காக நானே சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். நாயகனின் உயரம் 24 பிக்சல். பொத்தானை அழுத்தியதும் ஒரு படத்துக்கு, அதாவது திரையின் ஒரு புதுப்பிப்புக்கு, 4 பிக்சல் வேகத்தில் மேலே கிளம்புகிறார். ஒவ்வொரு படத்திலும் அந்த வேகத்திலிருந்து கால் பிக்சல் கழிகிறது. அந்தக் கால் பிக்சல்தான் புவியீர்ப்பு. 16 படங்களில் வேகம் பூஜ்யமாகும், அடுத்த 16-ல் தரைக்கு வருவார். அரை நொடிக்குச் சற்று மேல். பள்ளிக்கூடச் சூத்திரப்படி உச்சி 32 பிக்சல்.

24 பிக்சல் என்பது 1.8 மீட்டர் மனிதன் என்றால், ஒரு பிக்சல் ஏழரை சென்டிமீட்டர். நம் நாயகன் நின்ற இடத்திலிருந்து 2.4 மீட்டர், தன் தலைக்கும் மேலே, எழும்புகிறார். கிளம்பும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பூமியில் ஒருவர் எழும்பினால் 16 மீட்டர் போவார், ஐந்து மாடி உயரம். இவர் 2.4 மீட்டரிலேயே திரும்பக் காரணம், இவருடைய உலகின் ஈர்ப்பு முடுக்கம் சதுர நொடிக்குச் சுமார் 67 மீட்டர். பூமியில் 9.8, வியாழனில் ஏறத்தாழ 25. வியாழனைவிட இரண்டரை மடங்குக்கு மேல் ஈர்ப்புள்ள ஓர் உலகத்தில் இவர் தொப்பியோடு ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஏன் பூமியின் எண்ணையே வைக்கக் கூடாது? அதே 2.4 மீட்டர் உயரத்துக்குப் பூமியின் ஈர்ப்பில் போய்வர 1.4 நொடி ஆகும். பொத்தானை அழுத்திவிட்டு அவ்வளவு நேரம் ஒரு மனிதன் பலூன்போல் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இராது. உயரமும் வேண்டும், விரைவும் வேண்டும் என்றால் ஈர்ப்பைத்தான் கூட்ட வேண்டும். இயற்பியலை மீறியதால்தான் குதிப்பு இயல்பாகத் தோன்றுகிறது.

இதில் ஒரு நுணுக்கம். கருவி தொடர்ச்சியாக நகர்த்துவதில்லை. படத்துக்குப் படம் கூட்டுகிறது. முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு வேகத்தைக் குறைத்தால் 4, 3.75, 3.5 என்று கூட்டி உச்சி 34 பிக்சல் வரும். முதலில் வேகத்தைக் குறைத்துவிட்டு நகர்த்தினால் 30. சூத்திரம் சொன்ன 32 இரண்டிலும் இல்லை. நான்கு டைல் உயரத் திட்டு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதன் உயரம் சரியாக 32 பிக்சல். நிரலில் இரண்டு வரிகளின் வரிசையை மாற்றினால், ஏற முடிந்த திட்டு ஏற முடியாததாகிவிடும். நியூட்டனின் கலனக் கணிதம் மறைத்துவைத்த படிக்கட்டு இங்கே காலில் இடறுகிறது.

கீழே வருகிறார். எங்கே நிற்பது? கால் இருக்கும் பிக்சலின் எண்ணை எட்டால் வகுத்தால் எந்தக் கட்டம் என்று தெரியும். இந்தச் செயலிக்கு வகுக்கத் தெரியாது, பெருக்கவும் தெரியாது. ஆனால் இரும எண்ணை மூன்று இடம் வலப்புறம் தள்ளினால் எட்டால் வகுத்ததாகும். டைலின் அளவு எட்டாக இருப்பது இங்கேயும் கைகொடுக்கிறது. கட்டம் தெரிந்ததும் அட்டவணையில் பார்க்க வேண்டியதுதான்: இந்தக் கட்டம் திடமா, வெற்றிடமா? திடம் என்றால் விழுவதை நிறுத்து. தரை என்பது இவ்வளவுதான்.

விழும் வேகத்துக்கும் ஒரு வரம்பு கட்ட வேண்டும். ஒரு டைல் தடிமனுள்ள தரைக்கு ஒரு பிக்சல் மேலே கால் இருக்கிறது, வேகம் படத்துக்கு 9 பிக்சல் என்றால் அடுத்த படத்தில் கால் தரைக்கு அந்தப் பக்கம் இருக்கும். இரண்டு படத்திலும் கால் காற்றில்தான் இருந்தது. தரையைத் தொட்டதாக அட்டவணைக்குத் தெரியவே தெரியாது. எனவே 8-க்கு மேல் போகக் கூடாது என்று தடுத்துவிடுவது எளிய வழி. நம் கணக்கில் அது மணிக்கு 129 கிலோமீட்டர். வானிலிருந்து குதிக்கும் மனிதனுக்கும் இறுதி வேகம் என்று ஒன்று உண்டு, காற்றின் தடையால் வருவது. இவருக்கோ தரையை ஊடுருவிவிடுவாரோ என்ற பயத்தால் வருவது.

இப்போது கோயிலுக்கு வரலாம். படத்தின் கடைசிச் சோதனைகளில் ஒன்றில் எழுத்து பொறித்த கற்கள் தரையில் பரவியிருக்கின்றன. சரியான எழுத்தில் கால் வைத்தால் கல் தாங்கும், தப்பான எழுத்தில் வைத்தால் உடைந்து விழும். ஒரு பிளாட்ஃபார்ம் கேம் தன் தரையை எப்படிச் சோதிக்கிறதோ, அச்சு அசல் அதுவே: கட்டத்தின் எண்ணைப் பார், தாங்குமா என்று அட்டவணையில் தேடு.

அடுத்தது பாதாளம். எதிர்க்கரை தூரத்தில், நடுவே ஒன்றுமில்லை. இண்டி நெஞ்சில் கைவைத்துக் காலை நீட்டுகிறார், கால் எதன்மீதோ படுகிறது. கேமரா பக்கவாட்டில் நகரும்போதுதான் அங்கே கல் பாலம் இருந்தது நமக்குத் தெரிகிறது. அதன் மேற்பரப்பின் பாறைக் கீறல்கள், ஒரு கோணத்திலிருந்து பார்த்தால், பின்னால் உள்ள சுவரின் கீறல்களோடு இம்மி பிசகாமல் ஒன்றிவிடுகின்றன. யோசித்தால் இது இண்டியின் கண்ணை ஏமாற்றியிருக்காது. மனிதனுக்கு இரண்டு கண். இரண்டுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. சில அடி கீழே இருக்கும் பாலமும் வெகு தூரத்துச் சுவரும் இரு கண்ணிலும் வேறு வேறு அளவில் நகர்ந்து விழும். இயற்பியல் பாடத்தில் இடமாறு தோற்றம் என்று படித்தது இதைத்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். ஏமாந்தது கேமராவின் ஒற்றைக் கண்ணும் அதன் வழியே பார்த்த நாமும். 1984-ல் வந்த முந்தைய படத்துக்கு இலங்கையில் கண்டிக்கு அருகே உண்மையான தொங்குபாலத்தைக் கட்டி, அதை உண்மையாகவே இரண்டாக அறுத்து விழவைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, இருக்கும் பாலத்தை இல்லாததுபோல் காட்ட அதே அளவுக்கு மெனக்கெட வேண்டியிருந்தது.

கேம் பாயில் இந்தக் காட்சிக்கு என்ன செலவு? வெற்றிட டைலுக்கு இன்னோர் எண்ணைக் கொடுத்து, அதே கருப்பைப் படமாக வைத்து, அட்டவணையில் ‘திடம்’ என்று குறித்தால் பாலம் தயார். 16 பைட். படமும் திடமும் தனித்தனி அட்டவணையில் இருந்தால் அந்தப் பதினாறும் வேண்டாம். இடமாறு தோற்றம் காட்டிக்கொடுக்கவும் வழியில்லை. பின்னணி ஒரே தளம், பாலமும் சுவரும் சேர்ந்தே நகரும். சினிமாவில் மிகக் கடினமான தந்திரம் இங்கே எல்லாவற்றிலும் மலிவானது. காரணம், இந்த உலகில் தெரியும் தரை என்பதுதான் விசேஷச் செய்தி. பார்வைக்கு ஒரு கணக்கு, பாதத்துக்கு வேறு கணக்கு. ரயிலின் கூரை, கோட்டைச் சுவர், நிலவறைப் படி எல்லாமே அடிப்படையில் கண்ணுக்குத் தெரியாத பாலங்கள். அவற்றின்மேல் பொருத்தமான படத்தை யாரோ அக்கறையாக ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

அந்த ஒட்டுவேலை பிசகுவதும் உண்டு. செங்கல் வரைந்து, திடம் என்று குறிக்க மறந்த கட்டத்தில் நாயகன் சுவருக்குள் புகுந்துவிடுவார். குறித்துவிட்டு வரைய மறந்தால் வெறும் காற்றில் நின்று சாட்டை சொடுக்குவார். இரண்டையும் கண்டுபிடிக்கச் சுருக்குவழி கிடையாது. விளையாட்டைச் சோதிப்பவர்கள் ஒவ்வொரு சுவரிலும் மோதி, ஒவ்வொரு திட்டின் விளிம்பிலும் பிக்சல் பிக்சலாக நகர்ந்து, நடக்கக்கூடாத இடத்தில் நடந்தும் விழக்கூடாத இடத்தில் விழுந்தும் குறிப்பெழுதிக் கொடுக்க வேண்டும்.